பேரனைப் பார்க்க விடவில்லை என்றால் தாத்தா, ஆச்சிக்குச் சட்டத்தில் என்ன வழி?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால் பைக் விபத்தில் இறந்துவிட்டார். மருமகள் ஆறு வயதுப் பேரனோடு கோவில்பட்டியில் தன் அப்பா வீட்டில் இருக்கிறார். முதல் வருடம் போக வர இருந்தார்கள், அப்புறம் விபத்து நஷ்டஈட்டுப் பேச்சில் மனஸ்தாபம் வந்து எட்டு மாதமாகப் பிள்ளை முகத்தையே பார்க்கவில்லை, போன் போட்டாலும் எடுப்பதில்லை. பேரனைப் பார்க்க எங்களுக்கு உரிமை இல்லையா, அவனை எங்களிடமே வாங்கிவிட முடியுமா, கேஸை நெல்லையில் போடலாமா என்று மூன்று கேள்வி. பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேல் குடும்ப வழக்கு பார்க்கிற வக்கீல் நான். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நேராக எழுதிவைத்த சட்டப்பிரிவு நம் நாட்டில் கிடையாது. 2015-ல் மத்திய சட்ட ஆணையம் தன் 257-வது அறிக்கையில், பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும்போது தாத்தா பாட்டியோடு கழிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வழிகாட்டுதல் போட்டுக் கொடுத்தது. அது அறிக்கையாகவே கிடக்கிறது, சட்டமாகவில்லை. அதற்காக வழியே இல்லை என்று உட்கார்ந்துவிட வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் 1890-ல் போட்ட காப்பாளர் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது, கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் என்று நாங்கள் சொல்வது. அதன் 8-வது பிரிவு மைனர் பிள்ளையின் உறவினர் யாரும் காப்பாளர் மனு போடலாம் என்கிறது. 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 7-வது பிரிவு, பிள்ளையின் காப்பாளர் யார், பிள்ளை யாரிடம் இருப்பது என்பதோடு பிள்ளையைச் சந்திக்க அனுமதிப்பதையும் அந்தக் கோர்ட்டின் வேலையில் சேர்த்திருக்கிறது. சந்திக்கக் கேட்பவர் தாயாகவோ தகப்பனாகவோதான் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. நமக்கு இருக்கிற வாசல் அதுதான், சின்ன வாசல், தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும்.

குனிய வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே போய் "என் ரத்தம், என் வம்சம், என் உரிமை" என்று நெஞ்சை நிமிர்த்தினால் காரியம் நடக்காது. 1890 சட்டத்தின் 17-வது பிரிவும் சரி, 1956 இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13-வது பிரிவும் சரி, ஜட்ஜைப் பார்க்கச் சொல்வது பிள்ளையின் நலனை. உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்பது இரண்டாம்பட்சம். பிரான்ஸ் நாட்டுச் சிவில் சட்டத்தில் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், தாத்தா பாட்டியோடு உறவு வைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை என்று. நம் சட்டத்தில் அந்த வரி இல்லாவிட்டாலும் மனுவை அந்தக் கண்ணோடுதான் எழுத வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு பெரியவர் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். மூன்றரைப் பக்கம் மருமகளைப் பற்றி: அவள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், யாரோடு பேசுவாள், கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எத்தனை பவுன் குறைத்துப் போட்டார்கள். பேத்தியைப் பற்றி அரைப் பக்கம். அந்த மூன்றரைப் பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு அரைப் பக்கத்தை நாலு பக்கமாக்கினோம். பிள்ளையைப் பால்வாடிக்கு யார் கூட்டிப்போனது, ஊசி போடத் தூக்கிக்கொண்டு போனது யார், ராத்திரி யார் பக்கத்தில் படுத்தால் தூங்கும், ஆற்றில் குளிக்க யார் விரலைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, தாத்தாவை என்ன செல்லப்பெயர் வைத்துக் கூப்பிட்டது என்று. கோர்ட்டுக்கு வேண்டியது இதுதான். உங்களிடமும் போட்டோ, வீடியோ, தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம், பீஸ் கட்டின ரசீது எல்லாம் எங்காவது கிடக்கும், தேடி எடுத்து வையுங்கள். மருமகளைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதினாலும் அதற்குப் பதில் பத்து வரி வரும், அப்புறம் வழக்கு பிள்ளையை விட்டு எங்கேயோ போய்விடும்.

சரி, இரண்டாவது கேள்வி. பேரனை உங்களிடமே வாங்க முடியுமா? கேட்கவே கேட்காதீர்கள் என்பதுதான் என் யோசனை. தகப்பன் இல்லாத இந்துப் பிள்ளைக்குத் தாய்தான் இயற்கைக் காப்பாளர். அந்தத் தாய் தகுதியற்றவர் என்று கோர்ட் கருதினால் ஒழிய வேறு ஒருவரைக் காப்பாளராகப் போட முடியாது என்று 1890 சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. தாத்தா பாட்டி ஜெயித்த வழக்குகள் இல்லாமல் இல்லை. 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பையனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது, ஆனால் அங்கே தாய் இறந்த வழக்கில் தகப்பனே குற்றம் சாட்டப்பட்டவர். 2022-ல் கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த குஜராத் பையனை, தாயின் சகோதரியிடம் கொடுத்த உயர் நீதிமன்ற உத்தரவை மாற்றி அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் கொடுத்தார்கள், வயதாகிவிட்டது என்ற காரணத்தை ஏற்கவில்லை. இரண்டிலும் உயிரோடு, நல்லபடியாக வளர்க்கிற தாய் எதிரே நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மருமகள் பிள்ளையை நன்றாகத்தான் வைத்திருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் எதைச் சொல்லிக் கேட்பது?

கேட்டால் என்ன நஷ்டம் என்று சிலர் சொல்வார்கள், பெரிதாகக் கேட்டால்தானே சின்னதாவது கிடைக்கும் என்று. மாட்டுச்சந்தைக் கணக்கு அது. பிள்ளையைப் பிடுங்க வருகிறார்கள் என்று ஒரு தாய்க்குப் பயம் வந்துவிட்டால், பத்து நிமிஷம்கூடத் தனியாக உங்களிடம் விடமாட்டார். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் விடுவோமா?

ஆட்கொணர்வு மனு போடச் சொல்லியும் யாராவது உசுப்பியிருப்பார்கள், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்டால் ஒரு வாரத்தில் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று. சட்டப்படி வைத்துக்கொள்ள உரிமை இல்லாதவர் கையில் பிள்ளை இருந்தால்தான் அந்த மனு எடுபடும். 2019-ல் உச்ச நீதிமன்றத்தில், தாய் இறந்த பிறகு தாய்வீட்டு உறவினர் வைத்திருந்த குழந்தை அப்படித்தான் தகப்பனிடம் போனது. பெற்ற தாய் மீது தாத்தா போட்டால் நிற்காது. 2025 ஜனவரியில் மகனை இழந்த ஒரு பாட்டி பேரனைக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கே போனார். பிள்ளைக்கு அவர் அந்நியர் மாதிரி என்று விசாரணையில் நீதிபதிகள் வாய்விட்டே சொன்னார்கள், பிள்ளை தாயிடமே இருந்தது. கேட்க மனசு கஷ்டப்படும் வார்த்தை. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது, நாள் ஓடுவதுதான் உங்களுக்கு எதிரி என்பதை. ஆறு வயதுப் பிள்ளைக்கு எட்டு மாதம் என்பது பெரிய காலம். கோபம் ஆறட்டும், அவர்களாக வருவார்கள் என்று இன்னும் ஒரு வருடம் தள்ளினால், அவன் ஆச்சியைப் பார்த்து அம்மா பின்னால் ஒளிந்துகொள்வான், அதை அந்தப் பக்கத்து வக்கீல் ஜட்ஜிடம் காட்டுவார்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சின்னது. நெல்லையில் போட முடியாது. 1890 சட்டத்தின் 9-வது பிரிவின்படி பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்துக்குரிய கோர்ட்டில்தான் போட வேண்டும். லீவுக்குப் போயிருந்தால் வேறு விஷயம். உங்கள் பேரன் கோவில்பட்டியில் பள்ளிக்கூடமே போகிறான், அதனால் தூத்துக்குடி மாவட்டக் கணக்கு. இங்கே போட்டால் அதிகார எல்லையைக் காட்டி ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுப்பார்கள், அந்த ஆறு மாதமும் போச்சு.

போகக்கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்டிஓவிடம் (வருவாய் கோட்டாட்சியரிடம்) மனு கொடுத்தால் கூப்பிட்டு மிரட்டுவார் என்று ஒரு நம்பிக்கை ஊருக்குள் இருக்கிறது. 2007 சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கவும், பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் உள்ளது. பேரனைக் காட்டச் சொல்லி உத்தரவு போட அதில் இடமில்லை, மைனரை அந்தச் சட்டம் 'பிள்ளைகள்' கணக்கிலேயே சேர்க்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனும் வேண்டாம். முக்கியமாகப் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்காதீர்கள். ஆசையில்தான் போவீர்கள், தெரியும், ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு. ஆனால் தாய் சொல்லாமல் பிள்ளையை உங்களிடம் விட பள்ளிக்கூடத்துக்கு வழியில்லை, அவர்கள் போன் போடுவார்கள், அன்று சாயங்காலமே கடத்தப் பார்த்தார்கள் என்று ஒரு புகார் காகிதம் உருவாகிவிடும். பின்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் அந்தக் காகிதம் கூடவே வரும்.

இப்போது பணம். என்னிடம் வருகிற இந்த மாதிரி வழக்கில் பாதிக்கு மேல் அடியில் கிடப்பது பணம்தான், பாசத்தை அதன் மேல் போர்த்திக்கொண்டு வருவார்கள், இரண்டு பக்கமும். மகன் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் தனிச்சொத்தில் மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று என்று மூன்று சமபங்கு. தகப்பன் முதல் வகுப்பு வாரிசில் இல்லை. ஆக மதினிக்கு, அதாவது உங்கள் மனைவிக்குப் பங்கு உண்டு, அண்ணாச்சிக்கு இல்லை. விபத்து நஷ்டஈட்டை யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்பாயமே பிரிக்கும். மைனர் பங்கை வழக்கமாக பேங்கில் டெபாசிட் போட்டு அவன் மேஜராகும் வரை வைப்பார்கள், "மருமகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்" என்று நீங்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் யாரும் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. மதினியின் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கணக்கை அந்த வழக்கிலேயே பேசுங்கள், பேரன் விஷயத்தில் கலக்காதீர்கள். "பங்கு வேண்டாம், பேரனைக் காட்டு" என்று எழுதினாலும் தப்பு, "பேரனைக் காட்டாவிட்டால் சொத்து கிடையாது" என்று எழுதினாலும் தப்பு, இரண்டுமே பிள்ளைக்கு விலை போடுகிற பேச்சாகத்தான் ஜட்ஜ் காதில் விழும். இன்னொன்று, வயல் பூர்வீகமாக இருந்தால் விதவையான மருமகள் மாமனாரிடம் ஜீவனாம்சம் கேட்கவும் 1956 இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 19-வது பிரிவில் வழி இருக்கிறது. நீங்கள் மனு போட்ட மறுமாதம் அது எதிர்மனுவாக வரலாம், வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பேரன் படிப்புக்கு முடிந்ததை இன்றிலிருந்தே மாதாமாதம் பேங்க் வழியாக அனுப்புங்கள், பதிலுக்கு எதுவும் கேட்காமல். திருப்பி அனுப்பினாலும் அனுப்பினதற்குச் சாட்சி இருக்கும்.

கோர்ட்டுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது, நிறையப் பேர் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுக்கலாம், வழக்கு போடும் முன்பே சமரசம் பேச அவர்கள் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். மனுவை மதினி பெயரில் கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவில் இருக்கிறது, பின்னால் கேஸே போட வேண்டி வந்தாலும் வக்கீல் செலவு இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். விவரம் கேட்க 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். (வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன், சக வக்கீல்கள் மன்னிக்கவும்.) இன்னொரு காரணமும் உண்டு: ஆச்சி கேட்டு வந்திருக்கிறார் என்பதற்கும் மாமனார் கேஸ் போட்டிருக்கிறார் என்பதற்கும் சம்பந்தி வீட்டுத் திண்ணையில் எவ்வளவு வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சமரசத்தில் ஆகவில்லை என்றால் அசல் மனுவோடு இடைக்கால மனு ஒன்றும் சேர்த்துப் போட வேண்டும். அசல் மனு முடிய வாய்தா மேல் வாய்தாவாக வருடக்கணக்கில் ஆகலாம், இடைக்கால மனுவில்தான் பிள்ளையைச் சீக்கிரம் பார்க்க முடியும். அதில் எதைக் கேட்பது? கொஞ்சமாகக் கேளுங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், முதல் மூன்று மாதம் கோர்ட்டிலேயே அல்லது அவர்கள் ஊரிலேயே ஒரு கோயிலில், தாய் கண் பார்வையில். வாரத்துக்கு ஒரு முறை வீடியோ கால். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தாய் தகப்பன் வழக்கில், நேரில் சந்திப்பது மட்டுமில்லை, போனிலும் வீடியோ காலிலும் தொடர்பில் இருப்பதும் பிள்ளைக்கு முக்கியம் என்று எழுதியிருக்கிறது, அந்த நியாயத்தை நாமும் எடுத்துச் சொல்லலாம். ஆச்சி வீட்டில் ராத்திரி தங்க வைப்பது, முழுப்பரீட்சை லீவு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கூட்டிப்போவது எல்லாம் ஆறு மாதம் ஒழுங்காகப் போன பிறகு. குலதெய்வம் கும்பிட வராவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று மனுவில் எழுதாதீர்கள், எத்தனையோ பேர் எழுதுகிறார்கள்.

முதல் சந்திப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கோர்ட் அறை, ஒரு மேஜை, பக்கத்தில் கவுன்சலர். பிள்ளை முதல் அரை மணி நேரம் உங்களிடம் வராமல்கூட இருக்கலாம். கட்டிப்பிடித்து அழாதீர்கள், அழுதால் அவன் பயந்துபோவான். "அம்மா உன்னை எங்களிடம் விடமாட்டேங்கிறாளா" என்று கேட்டால் கதை முடிந்தது, அடுத்த வாரமே கவுன்சலர் அறிக்கையில் அது இருக்கும். சின்ன பம்பரமோ, படம் வரைகிற நோட்டோ கொண்டுபோங்கள், கூட உட்கார்ந்து விளையாடுங்கள். விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம். ஜட்ஜ் பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகப் பேசுவதும் உண்டு, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க 1890 சட்டத்தின் 17-வது பிரிவிலேயே இடமிருக்கிறது. உத்தரவு போட்ட பிறகும் ஒரு வாரம் அவர்கள் கூட்டி வரவில்லை என்றால் அங்கே போய்ச் சத்தம் போடாமல், அதே கோர்ட்டில் தேதி குறித்து மனுவாகக் கொடுங்கள்.

மருமகள் மறுமணம் செய்தால் என்ன ஆகும் என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மறுமணம் மட்டுமே காரணமாகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார்கள். 2022-ல் உச்ச நீதிமன்றத்தில் ஏறக்குறைய உங்கள் கதையே வந்தது: மகன் இறந்தார், மருமகள் மறுமணம் செய்தார், தாத்தா பாட்டி காப்பாளர் ஆக மனு போட்டார்கள். கீழ்க்கோர்ட் காப்பாளர் ஆக்க மறுத்து, பார்க்க மட்டும் வழி விட்டது. அதன் பிறகு பிள்ளையின் குடும்பப் பெயர் பற்றிப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போனபோது, அதை முடிவு செய்வது தாயின் உரிமை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இனிஷியலில் கை வைக்க வேண்டாம். அந்தப் பெண் புது வாழ்க்கை தேடிக்கொண்டால் முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வாருங்கள், பேரன் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறந்திருக்க அதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் இரண்டு வார்த்தை. மகன் உயிரோடு இருந்து விவாகரத்து வழக்கு நடந்தால் தனி மனு தேவைப்படாது, மகன் பிள்ளையைப் பார்க்கக் கேட்கும் மனுவிலேயே தாத்தாவும் ஆச்சியும் உடன் இருக்கலாம் என்று ஒரு வரியை உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள், மகன் துபாயிலோ சவூதியிலோ இருந்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குப் பிடிமானம். மகளை இழந்து மருமகனிடம் பேத்தி இருந்தாலும் இதே சட்டம், இதே வழி. 1890 சட்டம் மதம் பார்க்காது, பாளையங்கோட்டை கிறிஸ்தவக் குடும்பத்துக்கும் மேலப்பாளையம் முஸ்லிம் குடும்பத்துக்கும் அதே கோர்ட்தான். முஸ்லிம் சட்டத்தில் ஹனஃபி முறைப்படி சின்னப் பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்குப் பிறகு தாயைப் பெற்றவருக்கு, அப்புறம் தகப்பனைப் பெற்றவருக்கு என்று வரிசையே இருக்கிறது, ஆனால் அங்கேயும் பிள்ளையின் நலனை ஜட்ஜ் பார்ப்பார். பேரன் அமெரிக்காவில் இருந்தால் அந்தந்த மாநிலச் சட்டம், அங்கே உள்ள வக்கீலைத்தான் கேட்க வேண்டும்.

அண்ணாச்சி, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகும்போது மதினியின் ஆதார், மகனின் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ், பேரனின் பிறப்புச் சான்றிதழ் நகல், நான் சொன்ன போட்டோக்கள், பீஸ் ரசீது எல்லாம் இருக்கட்டும். பேரன் இப்போது எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதும் கோவில்பட்டி வீட்டின் சரியான முகவரியும் வேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் நேரில் போகாமல், அந்தப் பக்கத்தில் நல்லபடியாகப் பேசுகிற சொந்தக்காரர் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள்.